முதுகில் வைத்த கை

தூரப் பயணத்துக்குச் சைக்கிளை எடுக்கிறவர்கள் சக்கரத்தில் காற்றை முழுக்க அடிக்கக் கூடாது. வெயில் ஏறினால் டியூப் வெடித்துவிடும். சொன்னால் யாரும் கேட்பதில்லை. நீங்களும் சைக்கிளில்தான் இந்தக் கோச்சடை ஸ்டேஷனுக்கு வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் சொன்னேன்.

என் பெயர் காசிமாயன். சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. என்னைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். யாரையும் கைநீட்டி அடித்தவன் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது உண்மைதான். வீரணனையும் நான் அடிக்கவில்லை.

வீரணன் எங்கள் கொடிக்காலில் வேலை பார்த்தவன். அவன் அப்பனும் எங்களிடம்தான் இருந்தான். பறித்த வெற்றிலை வாடுவதற்குள் மதுரை மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மாட்டு வண்டியை நம்பினால் பாதி வதங்கிவிடும். அதனால் என் பழைய சைக்கிளை அவனுக்குக் கொடுத்தேன். அவன் சனத்தில் சைக்கிள் ஏறிய முதல் ஆள் அவன்தான். அதற்காக எங்கள் தெருவில் என்னை ஏசினார்கள். நான் காதில் வாங்கவில்லை. எங்கள் தெரு முனை வந்ததும் அவன் இறங்கி உருட்டிக்கொண்டுதான் வருவான். இறங்கு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவனாகவே இறங்குவான். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

மதுரையில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கூட்டம் உண்டு. லீவு நாளில் அழகர்கோயில், திருப்பரங்குன்றம் என்று போய் வருவோம். அந்தப் பங்குனியில் கோடிக்கரை வரைக்கும் போகலாம் என்று பேச்சு வந்தது. காயலும் காடும் கடலும் ஒரே இடத்தில் இருக்கிறது என்றார்கள். புறப்படும்போது ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் காதுகுத்து. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீரணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவன் கடலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

தெப்பக்குளம் தாண்டியதும் அவனிடம் சொன்னேன்: "வழியில என்னைய ஐயான்னு கூப்பிடாத. காப்பிக் கடையில உன்னைய வெளிய நிக்க வச்சுருவாய்ங்க. எனக்கும் பேச்சுத் துணை இல்லாமப் போகும். அண்ணேன்னு கூப்பிடு."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். மேலூர் வரைக்கும் தனக்குத் தானே "அண்ணே, அண்ணே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

திருப்பத்தூரில் ஒரு கடைக்காரர், "அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "ஆமாங்க, அண்ணன் மூத்தவரு" என்றான் வீரணன். ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து இட்லி தின்றோம். எனக்கு ஒன்றும் இறங்காமல் போகவில்லை. நன்றாகவே சாப்பிட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் குறுகிய புத்திக்காரன் இல்லை.

காரைக்குடி, அறந்தாங்கி என்று போகப் போக அவன் முன்னால் போய்விடுவான். பாரம் ஏற்றி மிதித்த கால். வெறும் சைக்கிள் அவனுக்குக் காகிதம் மாதிரி. தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் காத்திருப்பான். நான் வந்து சேர்ந்ததும், "முடியலையாண்ணே? செத்த இருந்துட்டுப் போவமா?" என்பான். கேலி இல்லை. உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்பான்.

பட்டுக்கோட்டை தாண்டினால் காற்றின் வாடை மாறுகிறது. உப்பும் சேறும் கலந்த வாடை. முத்துப்பேட்டைப் பக்கம் ரோட்டுக்குத் தெற்கே காயல் விரிந்து கிடந்தது. தண்ணீருக்குள்ளேயே காடு நின்றது. அலையாத்தி மரம் என்றார்கள். வேர்கள் எல்லாம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகான இடத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அங்கேதான் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. பெடலை மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கிறது. தொடை மரத்துப்போய்விட்டது. வீரணன் திரும்பி வந்து என் பக்கத்தில் ஓட்டினான். பிறகு ஒரு கையை என் முதுகில் வைத்தான். வைத்துத் தள்ளினான்.

அவன் சனத்தில் யார் கையும் என் முதுகில் பட்டதில்லை, ஐயா. என் அப்பா கூட என் முதுகில் கை வைத்ததில்லை.

"விடுறா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மிதிப்பதையே நிறுத்திவிட்டேன். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. என்னை ஒரு மூட்டை மாதிரி தள்ளிக்கொண்டே போனான். ரோட்டோரம் மீன் கூடையோடு போன பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "பாவம், தம்பிக்காரன் என்னா பாடு படுறான் பாரு" என்றாள். அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "எங்கண்ணே, எனக்கென்ன பாரமா?" என்றான்.

அவன் மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. நிதானமாகத்தான் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு இதை என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் எங்கள் தெருவில் இறங்கி உருட்டுவான், ஐயா என்று கூப்பிடுவான், எல்லாம் பழையபடி நடக்கும். ஆனால் அந்தக் கை அவனுக்கு ஞாபகம் இருக்கும். அதை அழிக்க வழி இல்லை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு பெரிய சதுப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வெயிலில் மேலே வெள்ளையாக உப்புப் பொருக்குக் கட்டிவிடும். சீமைச் சிமெண்டுத் தரை மாதிரி கண்ணைப் பறிக்கும். அந்தக் கரையோரம் உப்பளத்து ஆள் ஒருவர் எங்களை நிறுத்தினார். வீரணன் அப்போது சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போயிருந்தான்.

"வண்டிப்பாதைய விட்டு இறங்கிராதீங்க" என்றார். "மேலதான் பொருக்கு. கீழ முழுக்கச் சேறு. போன வருசம் ஒரு எருமை உள்ள போயி வெளிய வரல. சாயங்காலம் கடத்தண்ணி வேற ஏறும்."

நல்ல மனிதர். அவருக்கு நன்றி சொன்னேன். அவர் போய்விட்டார்.

வீரணன் வந்தான். தூரத்தில் அந்த வெள்ளைத் தரைக்கு அப்பால் நெட்டைக்கால் பறவைகள் கூட்டமாக நின்றன. "அண்ணே, அம்புட்டும் பறவையா?" என்றான்.

"ஆமா. கிட்டப் போயிப் பாரு" என்றேன். "இம்புட்டு வெட்டவெளி நம்மூர்ல ஏது? மேடு இல்ல, பள்ளம் இல்ல. கைய விட்டு ஓட்டிக் காட்டு, பாப்போம்."

"நீங்க வரலையாண்ணே?"

"செத்த உக்காந்துட்டு வாரேன். நீ போ."

போனான். முதலில் பொருக்குத் தாங்கியது. அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட்டினான். சத்தம் போட்டுச் சிரித்தான். யாருக்கும் ஒதுங்காமல், யாருக்கும் இறங்காமல் அவன் ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோசத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான்தான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு சுற்றுச் சுற்றிக் கரைப் பக்கம் திரும்பியபோது முன்சக்கரம் புதைந்தது. விழுந்தவன் சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். எழுந்தபோது முழங்கால் வரைக்கும் உள்ளே போயிருந்தான். காலை உருவப் பார்த்தான், இடுப்பு வரைக்கும் போய்விட்டது. "அண்ணே, கயித்தப் போடுங்க" என்றான். என் கேரியரில் மூட்டை கட்டிய கயிறு இருந்தது. நீளமான கயிறுதான். எட்டியிருக்கும்.

"இருடா, வாரேன்" என்றேன். கரையில் ஒரு பாலை மரம் நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்தேன்.

அவன் ரொம்ப நேரம் பதறவில்லை. நான் ஏதோ வழி யோசிக்கிறேன் என்று நம்பியிருக்கிறான். "அவசரமில்லண்ணே, பாத்து வாங்க. நீங்களும் மாட்டிக்கிறாதீக" என்று சொன்னான். நான் பையில் இருந்த பொரியையும் வெல்லத்தையும் எடுத்துச் சாப்பிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பிறகு, "ஐயா" என்று கூப்பிட்டான். "ஐயா, எம் புள்ளைக்கு நடக்கக்கூடத் தெரியாது. காப்பாத்துங்கய்யா. சாமி, காப்பாத்துங்க."

அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன் என்று நானும் நினைத்திருந்தேன். அது வந்தால் எழுந்து கயிற்றை அவிழ்ப்பேன் என்று நினைத்திருந்தேன். வந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. வெளிச்சம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து அடித்தது. சிரமம் இல்லாமல் வந்து சேர்ந்தேன்.

அவன் மனைவி மலையம்மாளிடம், கோடிக்கரையில் இலங்கைக்குத் தோணி ஏறிவிட்டான் என்று சொன்னேன். நம்பும்படியான சங்கதிதான். அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயாங்கய்யா?" என்றாள்.

"எனக்கே தோணி ஏறுனப்பெறகுதான் தெரியும்" என்றேன்.

அவளுக்குக் கொடிக்காலில் வேலையைத் தொடர்ந்து கொடுத்தேன். இலங்கையிலிருந்து வந்த ஆட்கள் சொன்னதாக அவ்வப்போது சேதியும் சொல்வேன். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான் என்றேன். காய்ச்சலில் கிடந்து பிழைத்தான் என்றேன். ஒவ்வொரு சேதிக்கும் அவள் முகம் மலரும். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொய்யான நம்பிக்கையில் ஒரு பெண்ணை வைத்திருப்பது பாவம் இல்லையா? மறந்து தொலைக்கட்டும் என்று, அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று சொன்னேன்.

அவள் வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு கும்பிட்டாள்.

"யாரையும் கட்டிக்கிறட்டுமுங்கய்யா. அந்தாளு உசுரோட இருந்தாப் போதும். எம் புள்ளைக்கு அப்பன் இருக்கான்னு சொல்லிக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிறைவான சிரிப்பு. அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, அந்தச் சிரிப்போடு அவள் எத்தனை வருசம் வேண்டுமானாலும் இருந்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது. கூப்பிட்டு நிறுத்தினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல். அவன் ஐயா என்று கூப்பிட்டதையும், பிள்ளையைப் பற்றிச் சொன்னதையும், தண்ணீர் வாய்க்கு வந்தபோது கழுத்தை எப்படி நீட்டிக்கொண்டிருந்தான் என்பதையும்.

அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள். மனசாட்சி உறுத்தித்தான் நான் அவளிடம் சொன்னேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. வீரணனைச் சேற்றில் இறக்கிவிட்டுச் சாகும் வரைக்கும் பார்த்திருந்தவன் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அன்றைக்குக் கொடிக்காலில் அவள் தரையில் விழுந்து அழுதாளே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. இரக்கம் என்று சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன்.