மணி அடிக்கட்டும் பாய்

அந்தக் கட்டிங் பிளேயரைச் செத்த கீழ வைங்க, நைனா பாய். ஒயரை மட்டும் அறுத்துராதீங்க. எங்க வீட்டுக்காரவிய எதுத்தாப்புல டீக்கடையில நிக்காவ, அந்தா, கட்டம் போட்ட சட்டை. பேப்பரைக் கையில எடுத்துட்டாவ. இனி வரி விளம்பரம் வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் ரோட்டைக் கடப்பாவ. அதுக்குள்ள நான் சொல்ல வந்ததைச் சொல்லிருதேன்.

எந்த ஒயரா? பெல்ட்டு மாட்டலைன்னா டிங்கு டிங்குன்னு அடிக்குமே, அந்த ஒயருதான். காலையில ஒங்களுக்குப் போன் போட்டு, பெல்ட்டுச் சத்தம், பெல்ட்டுச் சத்தம்னு அவிய சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. சத்தத்தை எடுக்கத்தான காரை ஒங்க ஒர்க்ஷாப்புக்குக் கொண்டாந்துருக்காவ. நானும் வரட்டான்னு கூடக் கேக்காம ஏறி ஒக்காந்துட்டேன். இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் முடிச்சிக்கிடுதேன்.

அந்தச் சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும், சொல்லுங்க. எங்க கொழுந்தன் பாண்டிதுரை இருக்காவல்ல, பெல்ட்டைச் சீட்டுக்குப் பின்னாடி மாட்டி, அதுமேல சாஞ்சி ஒக்காந்துக்கிடுவாவ. கேட்டா வயிறு அமுங்குதாம். எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு பால்கோவாக்காரரு. முன் சீட்டுல டின்னை வச்சா வண்டி கத்துதுன்னு டின்னுக்குப் பெல்ட்டைப் போட்டுட்டு, பொண்டாட்டியைப் பின் சீட்டுல சும்மா ஒக்கார வச்சிக் கூட்டிட்டு வாராரு. நான் அந்த அக்காகிட்டயே கேட்டுட்டேன், ஏக்கா, வீட்ல ஒங்களுக்கு மதிப்பா, பால்கோவாவுக்கு மதிப்பான்னு.

எங்க கடையா? வில்லிபுத்தூர்ல, தேர் முக்குக்கிட்ட. நைட்டிக் கடை. தைக்கிறது இங்க ராஜபாளையத்துல, எங்க வீட்டு மாடியில. தெனமும் தச்சதை மூட்டை கட்டிக் கார்ல போட்டுட்டு ரெண்டு பேருமாப் போறது. அவிய ஓட்டுவாவ, நான் முன்னால ஒக்காருவேன்.

போலீஸுக்குப் பயந்தா? அட, அது இல்ல பாய். மாட்டுறதுக்கு எனக்கென்ன, ஒரு வருசமா ஒரு நாள் தவறாம மாட்டுனவதான். இப்பத்தான் ஒரு மாசமா மாட்ட மாட்டேங்கேன். வேணும்னுதான்.

சிரிக்கக் கூடாது. எங்க வீட்ல பேச்சுவார்த்தை கெடையாது. ஆடியில நின்னது, பொரட்டாசி வந்தாச்சு.

பெரிய சண்டை ஒண்ணுமில்ல. சோழபுரத்துல அவிய அக்கா பேத்திக்குக் காது குத்து. பந்தியில ஒக்காந்துக்கிட்டு, நான் பிளவக்கல் அணை வரைக்கும் ஒத்தக் கையில ஓட்டுவேன்னு அளந்து விட்டுக்கிட்டு இருந்தாவ. நான் பேச்சு வாக்குல, ஆமா, ரிவர்ஸ் எடுக்கேன்னு ஆட்டுக்கொட்டகைக்குள்ள விட்டுட்டு, எறங்கிப் போயி ஆட்டுக்கிட்ட சாரி கேட்டாவளேன்னு சொல்லிட்டேன். நடந்ததுதான் பாய், இப்பவும் சொல்லுதேன். பந்தியே சிரிச்சிச்சு. அக்கா மகன் ஒருத்தன் ஆடு மாதிரிக் கத்திக் காட்டுனான். அவிய பாதி எலையில எந்திரிச்சிட்டாவ.

அன்னைக்கு மூடுன வாய்தான். எதுவும் வேணும்னா மேல சுத்துற காத்தாடியப் பாத்துச் சொல்லுவாவ. இன்னைக்குக் கரண்டு போகுமாம், மோட்டாரைப் போடணும்னு காத்தாடிட்ட சொன்னா, நான் போயி மோட்டாரைப் போடுவேன். மாடியில தைக்கிற பிள்ள சப்ரீன் இல்லையா, அதுகிட்ட, கொழம்புல உப்பு இல்லைன்னு வீட்ல சொல்லிருன்னு சொல்லி அனுப்புவாவ. வீடு கீழதான் இருக்கு. அந்தப் பிள்ள ஏறி எறங்கியே எளைச்சிப்போச்சு.

நானாப் போயிப் பேசியிருக்கலாம்தான். வீம்பு. எனக்கும் இருக்குமில்ல? ஆனா பாய், மகன் கௌதம்ராஜும் ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான். ராத்திரி ரெண்டு தட்டு வச்சா தட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்கும். எனக்குச் சோறு எறங்காது. அவியளுக்கும் எறங்கியிருக்காது, சட்டை தொளதொளன்னு கெடக்கு.

ஒரு நாள் மடி நெறைய நைட்டி மூட்டை. பெல்ட்டை இழுக்கக் கையில்ல. வண்டி அடிக்க ஆரம்பிச்சிருச்சு. அவிய ரேடியோவைக் கூட்டி வச்சாவ. அது அதுக்கு மேல கத்துது. பஞ்சு மார்க்கெட்டு தாண்டல, வாயத் தொறந்து, பெல்ட்டுன்னாவ. அம்புட்டுதான், ஒத்தச் சொல்லு. எம்புட்டு நாளைக்குப் பொறவு அந்தக் குரல் என்னைப் பாத்து வருது. எனக்கு நெஞ்செல்லாம் நெறஞ்சிப்போச்சு.

மறுநாள் மூட்டையப் பின்னாடி போட்டுட்டேன். பெல்ட்டை மாட்டல. பெல்ட்ட மாட்டுன்னாவ. கேக்காத மாதிரி ரோட்டைப் பாத்தேன். மாட்டுன்னு சொல்லுதேன்லன்னாவ. பொறவு மாட்டுனேன். இப்படியே தெனமும். போன வாரம், மாட்டு, போலீஸ்காரன் நிக்கான்னாவ. எட்டிப் பாத்தா ஒரு எருமை நிக்குது. எனக்காகப் பொய் சொல்லுற அளவுக்கு வந்துட்டாவ பாய். முந்தாநாளு மடவார்வளாகத்துக்கிட்ட வண்டியவே ஓரங்கட்டிட்டு, எட்டி, அவியளே மாட்டி விட்டாவ. மூஞ்சி இம்புட்டுக் கிட்டத்துல. எனக்கு வெக்கமாப்போச்சு. இதப்போயி ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன் பாருங்க.

நேத்து ஏறுனா, சத்தமே இல்ல. நானும் மாட்டாமப் பாக்கேன், வண்டி ஊமையா இருக்கு. அவிய டேஷ்போர்டைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ. கடை வரைக்கும் ஒரு சொல்லு இல்ல. சரி, அவியளே எதையோ கழட்டி விட்டுட்டாவ, நம்மகிட்ட அந்த ஒரு வார்த்தை பேசுறதும் பாரமாப் போச்சு போலன்னு ராத்திரி பூராத் தூக்கமில்ல. காலையில போன் பேச்சு காதுல விழவும், ஒரேயடியா ஒயரையே அறுக்கப் போறாவன்னு நெனச்சிட்டேன். அதான் ஒங்க கால்ல விழாத கொறையாக் கேக்கேன். அறுத்தா வண்டி கெட்டுரும்னு அவியகிட்ட சொல்லுங்க, அறுத்துராதீங்க.

என்ன பாய், அப்பப் புடிச்சிக் கையக் காட்டிக்கிட்டே இருக்கீங்க? சரி, சொல்லுங்க. ஒங்களப் பேசவே விடல நான்.

என்னது?

எடுக்கச் சொல்லலையா? சத்தம் வர மாட்டேங்குது, எப்படியாவது வர வச்சிக் குடுங்கன்னா சொன்னாவ? அவியளா? போன்லயும் அதத்தானா? கடைக்குப் போற நேரத்துக்குள்ள வேணும்னு வேற சொன்னாவளாக்கும்.

அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க பாய், செத்த ஒக்காருதேன். ஒண்ணுமில்ல. சந்தோசந்தான்.

பொறவு எப்படி நின்னுச்சு? எங்க, சீட்டுக்கு அடியிலயா? இந்தப் பிளக்கு கழண்டு கெடக்கா? அய்ய, நேத்து காலையில மூட்டைய அங்கன திணிச்சவ நாந்தான். நம்ம கையாலேயே நம்ம வாயை அடைச்சிருக்கேன். மாட்டுங்க, மாட்டுங்க, நல்லா அமுக்கி மாட்டுங்க.

அந்தா, பேப்பரை மடிச்சிட்டாவ. மூணு டீ கொண்டாராவ, பாத்தீங்களா, எனக்கும் சேத்து. சாவியப் போட்டு விடுங்க. நான் முன் சீட்டுல ஏறிக்கிடுதேன்.

அடிக்குது. நல்லா அடிக்குது பாய். ரோட்டுல போகையில மாட்டிருவேன், கவலப்படாதீங்க. இப்பக் கை வைக்க மாட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. அவிய வந்து சொல்லட்டும்.