இடச் செட்டை, வலச் செட்டை

"தாராவுட இடச் செட்டை இறகெல்லாம் எங்களுக்கு, வலச் செட்டை உங்களுக்கு."

நிந்தவூரில் பஸ் நின்றபோது முன்சீட்டிலிருந்து இது கேட்டது. பூப்பந்தாட்டத்துக்கான இறகுப் பந்து அப்போது கடைகளில் கிடைக்காது. அதைச் சொன்ன, தொப்பி போட்ட நிந்தவூர்க்காரரின் மடியில், கலியாண வீட்டில் அறுத்த தாரா வாத்துகளின் இறகுப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் திருநீறு பூசிய காரைதீவுக்காரர்.

"ரெண்டையும் கலந்து பந்து கட்டினா என்ன மச்சான்?" என்றார் அவர்.

"கலந்தா தள்ளாடும். ஒரே பக்கத்துச் செட்டை எண்டாத்தான் ஒழுங்காச் சுத்திப் போகும்."

"அப்ப உங்கட பந்து ஒரு பக்கம் சுத்தும், எங்கட பந்து மறுபக்கம் சுத்தும். உங்கட பந்து எங்கட ஆக்களுக்குப் பிடிபடாதே. போன மெச்சிலயும் இதாலதானே ரெண்டு ஊருக்கும் சண்டை வந்த?"

"ஓம். நாளைக்கு முதல் ஆட்டம் எங்கட பந்தில. ரெண்டாவது உங்கட பந்தில."

"ஆளுக்கொரு ஆட்டத்த ஜெயிச்சா, மூண்டாவது எந்தப் பந்தில?"

தொப்பிக்காரர் பொட்டலத்தை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பஸ் சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டது.

"எங்கட ஊட்டில பழைய பிளாஸ்டிக் பந்து ஒண்டு கிடக்கு. ஓங்கி அடிச்சா கோட்டத் தாண்டித்தான் போய் விழும். மூண்டாவது ஆட்டத்த அதில ஆடுவம். ரெண்டு ஊரும் சேர்ந்து அத ஏசலாம்."