முன்படியில் ஏறியவள்

புதன், பதினொன்றாம் தேதி.

இன்று நான் மாலை வகுப்புக்குப் போகவில்லை. அதை அண்ணனிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கடைசியில்தான் சொன்னேன். பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன். ஒன்றிரண்டு வார்த்தை முன்பின்னாக இருக்கலாம்.

— அண்ணா, இன்னும் ரெண்டு சொல்லு. வாழ்க்கையப் பயணமா வச்சுப் பேசுறதெல்லாம் எழுதிட்டு வரச் சொல்லி வகுப்புல வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க.

— நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்தவன்கிட்ட பயணத்தப் பத்திக் கேக்குற பாரு... இதுவரைக்கும் என்ன எழுதின?

— 'ஏதோ வண்டி ஓடுது.' 'முட்டுச்சந்துல மாட்டிக்கிட்டேன்.' 'ஒரு வழியா கரை சேர்ந்தாச்சு.'

— எல்லாம் நான் தினமும் பொலம்புறது.

— அதான் உன்கிட்ட கேக்குறேன்.

— 'நடுவழியில விட்டுட்டுப் போயிட்டான்.' எழுதிக்க. அந்தத் தண்ணிய எடு.

— உன் பக்கத்துலதான் இருக்கு. இடது கை... அய்யோ, பார்த்து!

— டம்ளர ஏன் இப்படி ஓரத்துல வைக்கிற?

— ஓரத்துல இல்ல. தட்ட ஒட்டித்தான் வச்சேன்.

— சரி, தொடச்சுடு. வெள்ளமா வந்துடுச்சு?

— நேத்து கதவு நிலையில தோள இடிச்சுக்கிட்ட.

— தூக்கக் கலக்கம்.

— முந்தாநாள்...

— வாத்தியாரம்மா, நீ வீட்டுப்பாடம் எழுதுறியா, வாக்குமூலம் எழுதுறியா?

— நாளைக்கு அந்த மலை ரூட்டுக்குப் போகணுமா?

— கேட்டு வாங்கினது. போகாம?

— எவ்வளவு வளைவு அதுல!

— எனக்கா? கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்... ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே இருக்கு, எழுதிக்க.

— அத எழுத மாட்டேன்.

— ஏனாம்?

— கண் டாக்டர்கிட்ட கடைசியா எப்ப காட்டின?

— மெதுவா பேசு. உங்க அண்ணி உள்ள படுத்திருக்கா.

— எப்ப காட்டின?

— டிப்போவுலதான் வருஷா வருஷம் பார்க்குறாங்களே.

— அடுத்தது எப்ப?

— வரும்போது வரும். சும்மா சுத்தி வளைக்காத.

— நீதான் சுத்தி வளைக்கிற. நேரா கேக்குறேன், நேரா சொல்லு. கண்ணு தெரியுதா?

— உன் மூக்கு நுனியில மை ஒட்டியிருக்கு. போதுமா?

— எதிர்ல இருக்கிறது தெரியுது. பக்கத்துல?

— ...இதப் பாரு. நான் வண்டியவிட்டு இறங்கினா எல்லாரும் நடுத்தெருவுல நிப்போம். உன் வகுப்பு, அண்ணி பிரசவம், எல்லாம் போச்சு. இதையும் எழுதிக்க, கணக்குல சேரும்.

— பஸ் நிறைய ஆளுங்க உன்ன நம்பி உட்கார்ந்திருப்பாங்கண்ணா.

— எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல ஒருத்தர் மேல ஒரு கீறல் பட்டிருக்கா?

— இதுவரைக்கும் இல்ல.

— பெருசா பார்த்தவ மாதிரி பேசுற! பகல்ல ஆபீஸ், சாயங்காலம் வகுப்பு... என் வண்டியில ஏறி எவ்வளவு நாளாச்சு நீ?

— இன்னைக்கு ஏறினேன்.

— ...என்ன?

— வகுப்புக்குப் போகல. மார்க்கெட் ஸ்டாப்புல காத்திருந்து முன்படியில ஏறினேன். உன் இடது பக்கம், கைய நீட்டினா தொட்டுடலாம், அவ்வளவு கிட்ட நின்னேன். கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்பிடல. கைய மட்டும் ஆட்டினேன். 'படியில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க'ன்னு சொன்ன.

— அது... நீயா?

— நான்தான்.

— செருப்புச் சத்தம் கேட்டுச்சு. யாரோ நிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

— அண்ணா...

— அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல பாப்பா. கொஞ்ச நாளாவே. நாளைக்குக் காலையில, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, மேனேஜர்கிட்ட நானே சொல்லிடுறேன். அப்புறம் கண் ஆஸ்பத்திரி. நீயும் கூட வா. ரோட்டைத் தாண்டும்போது... எனக்கு இடது பக்கமா நின்னுக்க.