சிக்னல் கிடைக்காத இடம்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ கோவிலில் புளியோதரைக்கு நின்ற வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். காதை மூடிக்கொள்ளவா முடியும்?

"சிக்னல் கிடைக்காத இடமா தேடித்தான்க்கா ஆஸ்திரேலியா பாலைவனத்துல கேம்பிங் புக் பண்ணேன். அங்கயாவது என் வீட்டுக்காரர் என்கிட்ட வாயைத் திறந்து பேசுவார்னு."

"பேசினாரா?"

"எங்க! நான் குக்கர் வெச்சிட்டிருக்கேன், இவர் டென்ட் வாசல்ல உக்காந்து போன்ல டைப் பண்றார். சிக்னலே இல்லையே, யாருக்குங்கன்னு கேட்டேன். போனை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்."

"அப்புறம்?"

"திரும்பி வர்றப்போ ஹைவேல சிக்னல் வந்துச்சு. பின்சீட்ல பசங்க ஒரே கைதட்டல். என் போன்ல இவர் மெசேஜ். 'டிவோர்ஸ் பண்ணிக்கலாம். பசங்ககிட்ட நீயே சொல்லிடு.' நிமிர்ந்து பார்த்தேன்க்கா. இவர் கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு."