காற்றுத் துளைக்கு அடித்த தகரம்

“பாய் மாமா, இந்த ஓட்டையையும் அடைச்சுட்டா நாங்க விட்ட மூச்சு எந்த வழியாப் போகும்?”

ஏணியின் கீழே நின்று அன்னக்கொடி கேட்டாளாம். சின்னப் பெண்... பூம்பாறைச் சாலையில் இருந்த அநாதைப் பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவள்.

அந்தக் கணப்புச் சட்டியை வாசல் பக்கம் தள்ளுங்கள். சன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிர்ந்தால் குளிரட்டும். சொல்கிறேன்.

ஏணியில் நின்றவர் என் நண்பன் ஜலீலின் தாய்மாமன் ஒலியுல்லா. கொடைக்கானல் பஜாரில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி. பிள்ளைகள் குளிரில் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு. காலி டின்களை வெட்டித் தட்டையாக்கி, படுக்கையறையில் கூரையோரம் இருந்த காற்றுத் துளைகளை வெளியிலிருந்து அடைத்தார். கூலி வாங்கவில்லை.

“மூச்சு உள்ளயே இருந்தா கதகதன்னு இருக்கும் தாயி. போயி வெளையாடு” என்று சிரித்தார்.

கெட்டவர் இல்லை. ஒரு பிள்ளை கேட்டதை நின்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு அறைக்குள் கரிக் கணப்பு வைத்தார்கள். விடிந்ததும் மற்றப் பிள்ளைகள் தலை சுற்றி, வாந்தியெடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அன்னக்கொடி எழவில்லை.

எல்லோரும் கணப்பைத்தான் குறை சொன்னார்கள். தகரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. “புள்ளைகளுக்கு எம்புட்டோ செஞ்சீங்க பாய்” என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னபோதெல்லாம், தலை குனிந்தபடி எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாராம். விடுதியை மூடிவிட்டார்கள்.

சில வருஷம் போயிற்று. ஒரு நாள் பிற்பகல், நாலு மணி இருக்கும். ஏறி வந்த பூண்டு வண்டி வழியில் பழுதாகிவிட, மாமா பூம்பாறைச் சாலையில் தனியாக நடந்து வருகிறார். மூடுபனி... நீட்டிய கை தெரியவில்லை. விடுதி அருகே வந்ததும் கரி எரிகிற வாசனை. நின்றார்.

டக்... டக்...

நகத்தால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். உள்ளேயிருந்து.

வாசலில் காவல்காரர் மலைச்சாமி ஒரு கரிமூட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள யாருப்பா இருக்கா?”

“யாருமில்லீங்க பாய். பூட்டே இன்னும் தெறக்கல. சாவி வாங்கத்தான் கெளம்புறேன். மறுபடி விடுதி நடக்கப் போகுதுங்க. பொழுது அடையப் புள்ளைக வந்துரும். கணப்பு வைக்கச் சொல்லியிருக்காக.”

“மேல அந்தத் தகரம்...”

“அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க. யாரோ புண்ணியவான் அடிச்சது.”

மலைச்சாமி பனிக்குள் மறைந்தார். சத்தம் நிற்கவில்லை. டக்... டக்...

ஜலீலிடம் மாமா சொன்னது இதுவரைதான். அப்புறம் என்ன என்று கேட்டால் எழுந்து தொழப் போய்விடுவார். அன்று இருட்டிய பிறகு வீடு வந்தார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன.

அன்றிரவும் விடுதியில் கணப்பு எரிந்தது. காலையில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள். ராத்திரி ஒரே குளிர் என்று முனகினார்களாம்.

அவர் மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு, கட்டிலுக்கடியில் துணி சுற்றி அந்தத் தகரங்கள் இருந்தன. ஜலீல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். அறையைப் பார்த்திருந்த பக்கத்தில் கரி படிந்திருந்தது. அந்தக் கரியில், ஐந்து விரலும் விரித்து... ஒரு சின்னக் கை.

அந்தத் துளைகள் ஏணி வைத்தால்தான் எட்டும்.