கூடத்துக் கணப்போரம் ஓர் இருக்கை

— ரெண்டே நாள் என் அண்ணன் வீட்டுல தங்கிட்டு அவர் வண்டியில வந்து இறங்கறேன், அதுக்குள்ள நான் குளிர்காயற கணப்பைச் செங்கல் வச்சு அடைச்சுட்டியாடா ஜெர்வாஸ்?

— கத்தாதீங்க சித்தி. பெவரல் துரை தன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வர்றார்.

— வரட்டும், அவரும் கேக்கட்டும்! உங்கப்பா உயில்ல என்ன எழுதினார்? ‘என் மனைவி தாமசினுக்கு, அவள் உயிரோடு உள்ளவரை, கூடத்துக் கணப்போரம் ஓர் இருக்கை.’ பாதிரியார் படிச்சப்ப நீயும்தானே நின்ன?

— நின்னேன். உங்க முக்காலி அங்கயேதான் இருக்கு. யார் தொட்டா?

— நெருப்பு எங்கடா?

— நெருப்புன்னு உயில்ல ஒரு வார்த்தை இல்லை. வக்கீலைக் கேட்டுட்டுத்தான் அடைச்சேன். உத்தரத்துல பன்றித்தொடை தொங்குது, ஒரே புகை, இந்தக் கூடத்துலயா துரையை உக்கார வைக்கிறது? நான் இனிமே வெறும் குடியானவன் இல்லை சித்தி.

— ஆமா, நேத்து வரைக்கும் எருக்குழியில நின்னவன்! கழுத்தைச் சுத்தி என்னடா அது, கஞ்சி போட்ட துணி? தட்டுல வச்ச முட்டைக்கோசு மாதிரி இருக்க.

— லண்டன்ல எல்லாரும் இதான் போடறாங்க.

— சரி, உன் முன்னறையில புதுக் கணப்பு கட்டியிருக்கியே, அங்க எனக்கு ஒரு மூலை குடு. மார்கழிப் பனியில விறைச்சுச் சாகணுமா நான்?

— உயில்ல ‘கூடம்’னுதான் இருக்கு. எழுத்துன்னா எழுத்து. வீடும் நிலமும் எனக்கு. கழட்டித் தூக்கிட்டுப் போற சாமான் எல்லாம் உங்களுக்கு. கட்டில், பானை, ராட்டை எல்லாம் குடுத்துட்டேனே!

— எழுத்துன்னா எழுத்தா?

— ஓரெழுத்து மாறாது.

— போன மாசம் சந்தைக்குப் போனப்ப, முன்னறை ஜன்னல் கண்ணாடியை ஏன் சட்டத்தோட கழட்டிப் பெட்டியில பூட்டின?

— பிரபுக்கள் வீட்டுல அப்படித்தான். ஊருக்குப் போனா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுத்தான் போவாங்க. அப்பா ஆசையா வாங்கி மாட்டினது, உடைஞ்சா? சரி சரி, குதிரைச் சத்தம் கேக்குது, துரை வந்துட்டார். சிரிச்ச முகமா நில்லுங்க சித்தி.

— அண்ணா! வாசல்ல நிக்கற உங்க வண்டியை முன்னறைப் பக்கம் ஓட்டிட்டு வாங்க. முதல்ல முன்னறை ஜன்னல் கண்ணாடியைக் கழட்டுங்க, அப்புறம் சுவர்ல பொருத்தின ஓக் பலகை. ரெண்டும் என் வீட்டுக்காரர் ஆணியில மாட்டினதுதான், கழட்டித் தூக்கற சாமான் எல்லாம் எனக்கு!