பட்டர் புரூட்டில் பட்டர் இல்லை

"பட்டர் புரூட்ல பட்டர் இருக்குதுன்னு என்னைய வேலைய உட்டே நிறுத்திட்டாருங்கக்கா."

கொட்டச்சேடு போகும் காலை பஸ்ஸில், மடியில் பழப்பையோடு இருந்த பெண் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் சொன்னாள். எஸ்டேட் பங்களாவில் சமைக்கிறவளாம்.

"என்னாச்சு கண்ணு?"

"பாலு, நெய்யி எதையும் தொடாதவங்க வந்து தங்கியிருக்காங்க. சாக்லேட் இனிப்பு வேணும்னாங்க. பட்டர் புரூட்டை மசிச்சு, கோகோ பொடியும் வெல்லப்பாகும் கலந்து வெச்சேன். என்ன போட்டேன்னு புது மேனேஜர் கேட்டாரு. பட்டர்னு வாயெடுத்ததுமே எடுத்துக் கொட்டிப்போட்டாருங்க."

"அது பழம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேங்க. எதுத்துப் பேசுறியா, நாளைக்கு வராதேன்னுட்டாரு."

"அப்புறம் பையோட எங்க போறே?"

"அங்கதானுங்க. அவரு கண்ணு முன்னாலயே அறுத்து மசிக்கப் போறேன்."

"கேட்டைத் தெறக்கலைன்னா?"

"கேட்டு வாசல்லயே உக்காந்து மசிப்பேன். வந்தவங்க பாக்கட்டும்."

"மறுபடி வேலை குடுப்பாருங்கறே?"

"வேலை கெடக்குதுங்க. கொட்டுன கையாலயே அவரு கிண்ணத்தை வழிச்சுத் திங்கோணும்."

பங்களா கேட்டில் அவள் இறங்கினாள். கொட்டச்சேட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்த அந்தப் பெண்மணியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே இறங்கினார்.